நூறு கோடியில் நாற்பத்து மூன்று

அக்டோபர் 7

உரக்கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இத்தனை நாளும் அரிசிப் பானைக்கு மூடியாக இருந்தது. இன்றுமுதல் அதற்கு வேறு வேலை கொடுத்திருக்கிறேன். கொட்டகையில் ஒரு பதிவேடு இருக்கிறது. ஊர் பார்க்கத் தகுந்ததை அதில் எழுதுவேன். மற்றதெல்லாம் இங்கே.

டைரி தொலைந்துபோனால் எடுத்தவர்களுக்காக: நான் ஜெயக்கொடி, வயது நாற்பத்தொன்று, ஆறு வருடமாக மகளிர் குழுத் தலைவி. குழுவில் பன்னிரண்டு பேர். வேர்க்கடலை, கேழ்வரகு, மக்காச்சோளம் மூன்றையும் வறுத்து அரைத்துச் சத்துமாவு செய்கிறோம். வேர்க்கடலை என்று நான் எழுதுவது இந்த ஒருமுறைதான். எங்கள் பக்கத்தில் அதற்கு மல்லாட்டை என்று பெயர். மாவை ஒரு டிரஸ்ட் வாங்கித் தன்னுடைய பதினாறு குழந்தைகள் காப்பகங்களுக்குக் கொடுக்கிறது.

இன்று டிரஸ்டிலிருந்து கடிதம். போன மாதம் அனுப்பிய மாவை ஒரு குழந்தைக்கும் கொடுக்காமல் ஓரங்கட்டிவிட்டார்களாம். இந்த வருடம்தான் சோதனை என்று ஒன்றை ஆரம்பித்திருக்கிறார்கள். கேழ்வரகும் மக்காச்சோளமும் தேறிவிட்டன. மல்லாட்டையில் பூசண விஷம். நூறு கோடியில் பத்துப் பங்குக்குள் இருக்க வேண்டுமாம், எங்களுடையது நாற்பத்து மூன்று. அது எவ்வளவு என்று யோசித்துப் பார்த்தேன். என் ஓரகத்தி தவமணிக்கு என்மேல் இருக்கும் பிரியம் ஏறக்குறைய அவ்வளவு இருக்கும்.

நவம்பர் கடைசிக்குள் நல்ல மாவு கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆர்டர் வேறு ஊர்க் குழுவுக்குப் போய்விடும். பன்னிரண்டு பேரும் மறுபடி மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நூறு நாள் வேலைக்குப் போக வேண்டியதுதான்.

சாயங்காலம், நாளைக்கு உரிக்க வேண்டிய இரண்டு மூட்டையைக் கொட்டிப் பரப்பி, தண்ணீர் தெளித்து, சாக்கு போட்டு மூடிவிட்டு வந்தேன். கருவாட்டுக் குழம்பு. உப்பு கொஞ்சம் தூக்கல், கோபத்தில் போட்டது.

அக்டோபர் 9

டிரஸ்டில் தரம் பார்க்கும் மேடம் வந்தார். பெயர் தாட்சாயணி. முப்பது வயது இருக்கும். பேசும்போது சிரிக்காமல், எழுதும்போது மட்டும் தனக்குத்தானே சிரித்துக்கொள்கிறார்.

நான் பட்டப்பெயர் வைப்பவள் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். என் வீட்டுக்காரர் மினிவேன் ஓட்டுகிறார். எதைக் கேட்டாலும் "இரு, பாக்கலாம்" என்பார். அவருக்கு ஹேண்ட்பிரேக். எங்கள் வார்டு மெம்பருக்கு "நாளைக்கு". நான் ஒன்று வைத்தால் ஒரே வாரத்தில் ஊர் முழுக்க ஒட்டிக்கொள்ளும், அப்பன் வைத்த பெயர் ரேஷன் அட்டையோடு நின்றுவிடும். இந்த மேடத்துக்கு "நூறு கோடி" என்று வைத்தேன்.

நூறு கோடி என்னை உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்.

"மல்லாட்டை எங்கயாவது நனைஞ்சுதா அக்கா?"

"எங்கயும் நனையல மேடம்."

"மழையில?"

"தகரம் போட்ட கொட்டகை மேடம்."

"தரையில ஈரம் ஏறுமா?"

"சிமெண்டு தரை. அதுக்குமேல கட்டை போட்டுத்தான் மூட்டை அடுக்கறோம்."

மூட்டைக்குள் ஈரம் அளக்கும் கருவியைச் செருகிப் பார்த்தார். காய்ச்சல் நன்றாக இருக்கிறது என்றார். பூசணம் கண்ணுக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் விஷம் இருக்குமாம். வறுத்தாலும் போகாது, கொதிக்கவைத்தாலும் போகாது. கல்லீரலைக் கெடுக்கும், பிள்ளைகளின் வளர்த்தியையும் கெடுக்கும். சுருங்கினது, நிறம் மாறினது எல்லாவற்றையும் பொறுக்கி எறியச் சொன்னார். பொறுக்கினதை மாட்டுக்கும் போடக்கூடாது, பாலில் வந்துவிடுமாம்.

"மல்லாட்டை யாரு குடுக்கறது?" என்றார்.

"எங்க ஓரகத்தி, மேடம்" என்றேன். கேட்டதற்கெல்லாம் உண்மையே சொன்னேன்.

தெளித்து மூடிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அக்டோபர் 10

கொசுவர்த்தி தீர்ந்துவிட்டது.

அக்டோபர் 12

தவமணி அக்கா என் மூத்தாரின் மனைவி. என்னைவிட ஐந்து வயது பெரியவள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அவள் தாளிப்பது எனக்குத் தும்மல், நான் சிரிப்பது அவளுக்குத் தலைவலி. ஒன்றரை ஏக்கர் மல்லாட்டை போடுகிறாள். குழுவுக்கு முழுக்க அவள் சரக்குதான்.

துப்பு துலக்கப் போனேன். என் கோழி ஒன்று காணோம் என்று சொல்லி அவள் வீட்டுத் தாழ்வாரத்துக்குள் நுழைந்து, மூட்டை மூட்டையாக மோந்து பார்த்தேன்.

"கோழி மூட்டைக்குள்ளயா பூந்துக்கும்?" என்றாள் அக்கா.

"அது ஒரு மாதிரியான கோழிக்கா" என்றேன்.

பதினான்கு மூட்டை. எல்லாம் கலகலவென்று காய்ந்த காய். ஒரு மூலையில் சொத்தைக் காய் இரண்டு கிடந்தது. இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டேன். சாட்சி வேண்டுமே.

அக்டோபர் 15

குழுக் கூட்டம். சரக்கு கொடுப்பவள் என்று அக்காவையும் வரச்சொல்லியிருந்தோம், புடைத்துக் காட்ட முறத்தோடு வந்திருந்தாள். இரண்டு சொத்தைக் காயையும் ஒரு தட்டில் வைத்து எல்லோருக்கும் காட்டினேன். அக்கா நேராக என் முகத்தையே பார்த்தாள்.

"எங்க கொல்லையில எடுத்த காயி எதுவும் நனையல. ஒம்போது வெயில்ல காயவச்சன். என் மல்லாட்டையில இன்னா கொறையக் கண்ட நீ?"

"நான் காணலக்கா. மெஷின் கண்டுச்சு. நாங்க சாப்பிட்டு வளந்தது நல்ல மல்லாட்டை, நீ குடுக்கறது விஷ மல்லாட்டை."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். லூர்துமேரிக்குப் புரையேறிவிட்டது. அவள் என் சிநேகிதி, குழுவில் கல்லாப்பெட்டி அவள் பொறுப்பு, சாதாரணமாகச் சிரிக்கவே மாட்டாள். அதனால் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அக்காவிடம் இனி சரக்கு எடுப்பதில்லை என்று தீர்மானம். அவள் தன் முறத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

அக்டோபர் 18

மூன்றே நாள். டீக்கடையில் "விஷ மல்லாட்டை வீட்டுக்குப் பக்கத்து வீடு" என்று என் வீட்டுக்கு வழி சொல்லியிருக்கிறார்கள். இதுவரை நான் வைத்ததிலேயே வேகமாகப் போனது இதுதான்.

அக்டோபர் 22

வேறொரு ஊரிலிருந்து புதுச் சரக்கு வந்தது. மேடம் கொடுத்துவிட்டுப் போன கருவியை வைத்துப் பார்த்தோம், நல்ல காய்ச்சல். இரண்டு மூட்டையைத் தெளித்து மூடினேன்.

அக்டோபர் 24

லூர்துமேரியின் மாமியார் தவறிவிட்டார். நேற்றும் இன்றும் உரிக்க ஆளில்லை. நேற்று மத்தியானம் போய்ப் பார்த்ததில் தெளித்த ஈரம் மேலே காய்ந்துபோயிருந்தது. மறுபடி தெளித்துவிட்டு வந்தேன். தலைவி என்றால் சாவு வீட்டுக்கும் போக வேண்டும், கொட்டகையையும் பார்க்க வேண்டும்.

அக்டோபர் 29

உரித்த பருப்பின் மாதிரி சோதனைக்குப் போயிருந்தது. அறுபத்தொன்று.

இது தவமணியின் சரக்கே இல்லை. என்னால் நம்ப முடியவில்லை. சாக்கில் ஏதோ இருக்க வேண்டும். அல்லது லாரியில். லூர்துமேரியின் பூனை கொட்டகையில் படுத்துப் புரள்கிறது, அதையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்திருக்கிறேன். பூனைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

நவம்பர் 3

இன்று நடந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

அக்காவின் பதினான்கு மூட்டையை எடுக்க வியாபாரி வண்டியோடு வந்தான். டீக்கடையில் வழி கேட்டிருக்கிறான். "யாரு, விஷ மல்லாட்டையா?" என்று கேட்டிருக்கிறார்கள். வண்டியைத் திருப்பிக்கொண்டு போயே போய்விட்டான். மூத்தார் சைக்கிளில் பின்னாலேயே துரத்திப் போய்க் கெஞ்சியும் அவன் நிற்கவில்லை.

அக்கா இப்போதெல்லாம் ரேஷன் கடைக்கு வருவதில்லை. பால் ஊற்றுகிற இடத்துக்கு மட்டும் நாலு மணிக்குப் போய்விட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வருகிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் மூன்று நாளாகத் தாளிக்கும் சத்தமே இல்லை. எனக்குத் தும்மலும் இல்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பேரு வச்சது யாரு?" என்றார். ஹேண்ட்பிரேக் வாயைத் திறந்தால் இப்படித்தான். தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன்.

நவம்பர் 6

மேடம் மறுபடி வந்தார். இப்போது ஒவ்வொரு படியிலும் ஒரு மாதிரி எடுக்கப் போகிறாராம். மூட்டையில் இருக்கும் காய் ஒன்று. அன்றைக்கு உரித்த பருப்பு ஒன்று. ஏற்கெனவே உரித்துப் பத்து நாள் ஆன பருப்பு ஒன்று. எந்தப் படியில் விஷம் ஏறுகிறது என்று தெரிந்துவிடும்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. தவமணி அக்காவின் காயும் கெட்டுத்தான் இருக்கிறது என்று ஒரு காகிதம் வந்துவிட்டால் என் மனசுக்கு நிம்மதி. நாலு மணிக்கு அவள் பால் ஊற்றப் போனதும் பின்பக்கமாகப் போய், மூட்டையைக் கொஞ்சம் அவிழ்த்து, இரண்டு படி காயை மடியில் கட்டிக்கொண்டேன். அவள் நாய்க்கு என்னைத் தெரியும். குரைக்கவில்லை. ஆனால் வாலை ஆட்டிக்கொண்டே கொட்டகை வரைக்கும் கூடவே வந்தது. வழியில் பார்த்தவர்களெல்லாம் "என்னா, தவமணி நாயோட வர?" என்று கேட்டார்கள். திருடப் போவதற்கு முன்னால் நாயைக் கட்டிவிட வேண்டும் என்று இப்போதுதான் தெரிந்தது.

மேடத்திடம் "இது நாலாவது மாதிரி, யாரு எவருன்னு கேக்காதீங்க" என்று கொடுத்தேன். அவர் எழுதிக்கொண்டே சிரித்துக்கொண்டார்.

நவம்பர் 14

மேடம் போனில் படித்தார்.

மூட்டைக் காய்: இரண்டு. அன்றைக்கு உரித்த பருப்பு: பத்தொன்பது. பத்து நாள் வைத்த பருப்பு: முப்பத்தெட்டு.

நாலாவது மாதிரி: ஒன்றுமே இல்லை. மெஷினுக்குத் தட்டுப்படவே இல்லையாம்.

"அந்த நாலாவது மாதிரி குடுத்தவங்ககிட்டயே எப்பவும் வாங்குங்க அக்கா. சுத்தமான சரக்கு" என்றார்.

சரி மேடம் என்று போனை வைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் இன்றும் தாளிக்கும் சத்தம் இல்லை.

நவம்பர் 15

மேடமே நேரில் வந்து கொட்டகையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மூட்டையிலிருந்து கொட்டுவதற்கும் உரிப்பதற்கும் நடுவில்தான் ஈரம் சேர்கிறது என்றார். தலையை அண்ணாந்து பார்த்தவர் தகரத்தில் ஆணி ஓட்டை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்.

"இதான். கொட்டிப் பரப்புற எடத்துக்கு நேர் மேல. ராத்திரிப் பனி சொட்டுது. டிரஸ்டுல சொல்லிக் கூரைய மாத்திக் குடுக்கச் சொல்றேன்."

எல்லோருக்கும் சந்தோஷம். புதுக் கூரை என்றதும் லூர்துமேரி எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள், அதுவே செய்தித்தாளில் போட வேண்டிய விஷயம். நானும் டீ குடித்தேன். நானும் அந்த ஓட்டையைப் பார்த்தேன். கடுகு அளவுகூட இல்லை.

சாயங்காலம் தெளிக்கப் போனவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

தண்ணீர் தெளிப்பதை யாராவது வேலை என்று சொல்வார்களா? கதவைத் திறந்தீர்களா, செருப்பைக் கழற்றினீர்களா என்று கேட்பதுபோல அல்லவா அது. எங்கள் அம்மா தெளித்தாள், ஊரில் எல்லோரும் தெளிக்கிறார்கள். முன்தினம் தெளித்து மூடினால் தோடு பதப்பட்டு, பருப்பு உடையாமல் முழுசாக வரும். நகமும் கிழியாது. என் குழுவில் ஒரு பருப்பு பிளந்திருக்காது. பார்க்கிறவர்கள் முத்துமாதிரி இருக்கிறது என்பார்கள்.

தெளிக்காமல் வந்துவிட்டேன்.

நவம்பர் 16

வீட்டில் கட்டிலுக்கடியில் இரண்டு கூடை வைத்திருக்கிறேன். இரண்டிலும் ஒரே மூட்டைக் காய். வலது கூடையில் தெளித்துச் சாக்கு போட்டு மூடியிருக்கிறேன். இடது கூடை சும்மா.

"கட்டிலுக்கடியில எதுக்குடி மல்லாட்டைக்குத் தண்ணி காட்ற?" என்றார் வீட்டுக்காரர்.

"மொளைக்குதான்னு பாக்கறன்."

"இரு, பாக்கலாம்" என்று படுத்துக்கொண்டார்.

நவம்பர் 18

கூடையைத் திறக்கவில்லை. சுண்டல் செய்தேன், கொண்டைக்கடலையில்.

நவம்பர் 20

திறந்தேன்.

இடது கூடையில் காய் காயாகவே இருக்கிறது. வலது கூடையில் நாலு காயை உடைத்ததில் இரண்டில் உள்ளே மஞ்சள் கலந்த பச்சையாய்ப் பொடி படர்ந்திருந்தது. ஊதினால் பறந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மூடிவிட்டேன். கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தேன், கோழிகளை அடைத்துவிட்டு.

நான் எழுதியே ஆக வேண்டும். தெளித்தது நான். அந்த அறுபத்தொன்று நான் இரண்டு தடவை தெளித்தது. இந்த வருடம்தான் சோதனை. போன வருடமும் தெளித்தேன், அதற்கு முந்தின வருடமும் தெளித்தேன். போன ஆண்டு விழாவுக்கு எங்களைக் காப்பகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். எங்கள் மாவில் செய்த உருண்டையை ஒரு குட்டிப் பெண் இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு, எதை முதலில் தின்பது என்று தெரியாமல் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரெண்டையும் தின்னு என்று நான்தான் சொன்னேன். அதை நினைத்தால் பயமாக இருக்கிறது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் புதுக் கூரை வரும். நான் இனிமேல் தெளிக்காமல் இருந்தால் போதும், எண்ணும் இறங்கிவிடும், பெருமை கூரைக்குப் போகும். ஒருத்தருக்கும் தெரியாது. அக்கா மட்டும் செத்தாலும் விஷ மல்லாட்டைதான்.

நவம்பர் 21

என் கல்யாணத்துக்கு வந்த பன்னீர்ச் சொம்பு இருபது வருடமாகப் பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துத் துலக்கி, தண்ணீர் நிரப்பிக்கொண்டு போனேன். கொட்டகை வாசலில் நின்று, உள்ளே வந்த ஒவ்வொருத்தி தலையிலும் தெளித்தேன். கூரை விஷயமாக வந்திருந்த மேடத்துக்கும் தெளித்தேன்.

"யாருக்குடி கல்யாணம்?" என்றாள் லூர்துமேரி.

"மல்லாட்டைக்கு" என்றேன்.

சிரித்தார்கள். சிரிக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். தினமும் தெளித்தது, சாவன்று இரண்டாவது தடவையும் தெளித்தது, கட்டிலுக்கடியில் வைத்த கூடை, நாலாவது மாதிரி யாருடையது, அதை நான் எப்படி எடுத்தேன், நாய் உட்பட. முடித்தபோது ஒருத்தியும் சிரிக்கவில்லை.

"அக்கா, நான் மூணு தடவை கேட்டேன். நனைஞ்சுதான்னு" என்றார் மேடம்.

"எனக்கு அது நனைக்கறதுன்னே தோணல மேடம்."

"நாங்க மட்டும் இன்னா" என்றாள் லூர்துமேரி. "உரிச்சது நாங்கதான. ஈரமா கீதுன்னு எங்க கைக்குத் தெரியாதா. ஒருத்தி வாயிலயும் வரலியே."

மேடம் பேனாவை மூடினார். "சரி, எதுக்குத் தெளிக்கறீங்க?"

"பருப்பு உடையாம முழுசா வரணும்னு."

"முழுசா வந்து?"

"வறுப்போம்."

"வறுத்து?"

பன்னிரண்டு பேரும் அரவை மெஷினைத் திரும்பிப் பார்த்தோம்.

"அரைச்சு மாவாக்குவோம்" என்றாள் லூர்துமேரி, மெதுவாக.

விதைக்கு உரிக்கும்போது செய்கிற பழக்கம் அது. பிளந்த பருப்பு முளைக்காது, அதனால் எங்கள் அம்மா தெளித்தாள், மறுநாளே விதைத்தாள். மாவாகப் போகிற பருப்பை முத்துமாதிரி எடுத்துத் தரவேண்டும் என்று ஆறு வருடமாக நான் குடம் குடமாகத் தெளித்திருக்கிறேன். மேடம் எழுதாமலே சிரித்துவிட்டார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கொட்டகைச் சாவியை மேசைமேல் வைத்தேன். லூர்துமேரி அதை என் பக்கமே தள்ளினாள்.

"சாவிய நீயே வச்சிக்க. கொடத்த நாங்க வச்சிக்கறோம்."

புதுக் கூரை கிடையாது. போகும்போது மேடத்தைத் தனியாக நிறுத்தி, போன வருடத்துப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டேன். "தெரியாதுக்கா. அப்ப யாரும் அளந்து பாக்கல. இனிமே கொடுக்கற மாவு நல்லா இருக்கணும், அவ்ளோதான்" என்றார்.

நவம்பர் 22

அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். அவள் முறத்தில் ஏதோ புடைத்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் நடந்தது அதற்குள் அவள் காதுக்கு வந்திருந்தது. நாய் மட்டும் எழுந்து வந்தது.

"தப்பு என்மேலதான்கா. மன்னிச்சுக்க."

"மன்னிப்ப வச்சிக்கினு நான் இன்னா பண்றது? கொழம்புல போடட்டா?" புடைப்பதை நிறுத்தவில்லை. "நீ வச்ச பேர நீ எடுத்துக்கினு போ."

நான் வந்துவிட்டேன்.

நவம்பர் 25

எடுக்க முடியவில்லை.

டீக்கடையில் சொன்னேன், அக்கா சரக்கில் விஷமே இல்லை என்று காகிதமே வந்திருக்கிறது என்று. "யாரு, விஷ மல்லாட்டைக்கா?" என்றார்கள். ரேஷன் கடையில் சொன்னேன். "பாவம், விஷ மல்லாட்டை" என்றார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளை நிறுத்தி, அப்படிச் சொல்லக்கூடாது என்றேன். எப்படிச் சொல்லக்கூடாது என்று கேட்டு என் வாயாலேயே இரண்டு தடவை சொல்லவைத்துவிட்டார்கள்.

கொட்டகையில் காய்ந்தபடியே உரிக்கிறோம். பாதிப் பருப்பு பிளந்துபோகிறது. என் கட்டைவிரல் இரண்டும் வெடித்துவிட்டன.

நவம்பர் 26

ஒரு பெயரைத் தூக்க வேண்டுமென்றால் அதைவிட நல்ல பெயர் ஒன்று வேண்டும். ஊரின் வாய்க்கு ஒரு சமயத்தில் ஒன்றுதான் கொள்ளும். இதில் எனக்கு அனுபவம் உண்டு. பெயர் சின்னதாக இருக்க வேண்டும், சொன்னதும் கண்முன்னால் ஒரு காட்சி வர வேண்டும், சொல்கிறவனுக்குச் சிரிப்பு வர வேண்டும். முக்கியமாக, ஆள் அதற்குத் தகுதியாக இருக்க வேண்டும்.

எனக்கு நானே வைத்துக்கொண்டேன். பன்னீர்.

நவம்பர் 27

டீக்கடையில் போய்க் கதையைச் சொன்னேன். மல்லாட்டைக்குக் கல்யாணம் செய்த கதை. தினமும் பன்னீர் தெளித்து மாப்பிள்ளை அழைத்து, கடைசியில் மெஷினில் போட்டு அரைத்த கதை. அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ரேஷன் கடையில் இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன். பால் ஊற்றுகிற இடத்தில் சொம்பையே கொண்டுபோய் நடித்துக் காட்டினேன். ஒவ்வொரு கதையிலும் தவமணி அக்காவின் சரக்கு சொக்கத்தங்கம், என் மண்டை களிமண்.

இத்தனை நாள் மற்றவர்களுக்கு வைத்தபோது இது இப்படி உறைக்கும் என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து முகம் கழுவினேன்.

நவம்பர் 28

கடைக்காரப் பையன் "பன்னீரக்கா, கொசுவர்த்தி வேணுமா?" என்றான். வாங்கிக்கொண்டேன்.

நவம்பர் 30

எண் வந்தது. நாலு. நூறு கோடியில் நாலு. ஆர்டர் எங்களுக்குத்தான் என்று மேடம் சொன்னார். லூர்துமேரி அழுதுவிட்டாள். பிறகு அழுததற்காக எங்களையே திட்டினாள்.

அடுத்த மாதச் சரக்கு தவமணி அக்காவிடமே எடுப்பது என்று தீர்மானம் போட்டோம். லூர்துமேரி போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அக்கா கேட்டுக்கொண்டாளாம். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லையாம்.

டிசம்பர் 4

பஸ் கண்டக்டர், "பன்னீர் எறங்கிடுச்சா? ரைட்" என்கிறான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்னைக் கண்டால் கையை ஆட்டித் தெளித்துக் காட்டுகின்றன. என் வீட்டுக்காரர்கூடச் சாப்பிட உட்கார்ந்தவர், "பன்னீரு, ரசம் ஊத்து" என்றார். ஊற்றினேன். சூடாக.

வியாபாரி மறுபடி வண்டியோடு வந்தான். டீக்கடையில் தவமணி வீடு எது என்று கேட்டிருக்கிறான். "பன்னீரக்கா வீட்டுக்குப் பக்கத்து வீடு, நல்ல சரக்கு" என்றார்களாம். அக்கா அவனுக்கும் கொடுக்கவில்லை. இன்னும் யோசிக்கிறாள்போலும்.

டிசம்பர் 7

காலையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் வெகுநாளைக்கப்புறம் கடுகு வெடித்தது. எனக்குத் தும்மல் வந்தது. இரண்டாவது தும்மலில் பின்பக்கத்துக் குட்டைச் சுவருக்குமேல் அக்காவின் தலை தெரிந்தது.

"ஜெயக்கொடி."

நான் நிமிர்ந்தேன்.

"பதினாலு மூட்டையும் எடுத்துக்குங்க. உன் ஊட்டுக்காரர வண்டியக் கொண்டாரச் சொல்லு. மூட்டை தூக்க நீயும் வா."

தலை இறங்கிவிட்டது. நான் கையில் சாம்பலோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். டீக்கடை, ரேஷன் கடை, பஸ், சொந்தப் புருஷன் வரைக்கும் எல்லோருக்கும் நான் பன்னீர்தான். என்னை அப்படிக் கூப்பிட முதல் உரிமை அவளுக்குத்தான் உண்டு. ஊரில் இப்போது என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவள் அவள் ஒருத்திதான்.

நன்றாக அழுதேன். பிறகு முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு மூட்டை தூக்கப் போனேன்.